1994 மார்ச் மாதத்தின் கனம்

1994 மார்ச் 7, திங்கட்கிழமை. பிரிட்டனில் அந்தக் காலத்தில் புதிய ஆல்பங்கள் கடைக்கு வருவது திங்களன்று, அமெரிக்காவில் செவ்வாயன்று. உலகம் முழுவதற்கும் வெள்ளிக்கிழமை என்று ஆனது 2015 ஜூலையில்தான். அந்தத் திங்களில் ஏஃபெக்ஸ் ட்வின் என்ற பெயரில் இசையமைக்கும் ரிச்சர்ட் டி. ஜேம்ஸின் 'செலக்டட் ஆம்பியன்ட் வொர்க்ஸ்' இரண்டாம் தொகுதி வெளிவந்தது. மறுநாள் நைன் இஞ்ச் நெயில்ஸின் 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்', சவுண்ட்கார்டனின் 'சூப்பர்அன்னோன்' இரண்டும் வந்தன. இரண்டு வாரம் கழித்து, 22ஆம் தேதி, பான்டெராவின் 'ஃபார் பியாண்ட் டிரிவன்' வந்தது.

நான்கையும் சேர்த்துக் கேட்க ஏறத்தாழ ஐந்தே முக்கால் மணி நேரம் வேண்டும். மாதத்தின் புது வரவுகளை மதிப்பிட்டு எழுதுகிறவர் இதை இரண்டு மூன்று முறை கேட்டுவிட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு பத்தியும் மதிப்பெண்ணும் கொடுத்துவிட்டு, ஏப்ரல் மாதக் குவியலுக்குப் போயாக வேண்டும். அப்போது அவருக்கு உதவுவது கடையின் அலமாரிதான். பான்டெராவும் சவுண்ட்கார்டனும் 'ஹெவி', அதாவது மெட்டல் வகை முரட்டுக் கிட்டார் ராக். ஏஃபெக்ஸ் ட்வின் 'எலக்ட்ரானிக்'. நைன் இஞ்ச் நெயில்ஸ் இரண்டுக்கும் நடுவில், 'இண்டஸ்ட்ரியல்' என்ற சீட்டோடு. மெட்டல் பத்திரிகைகள் முதல் அலமாரியைப் பார்த்துக்கொண்டன, நடன இசைப் பத்திரிகைகள் மற்றதை. ஒரே ஆள் இரண்டையும் உட்கார்ந்து கேட்டு எழுதுவது அரிது.

இந்த நான்கையும் அண்மையில் ஒரே வாரத்தில் வரிசையாகக் கேட்டேன். அலமாரிச் சீட்டுகளைக் கழற்றிவிட்டு, எது கனமாக இருக்கிறது என்ற ஒரே கேள்வியோடு கேட்டேன். வந்த விடை சீட்டுகளோடு பொருந்தவில்லை.

கனம் என்றால் என்ன என்பதற்கு முதலில் ஒரு சின்னக் கணக்கு. கிட்டாரின் மிகத் தடித்த கம்பியை வழக்கமான சுருதியில் மீட்டினால் அது வினாடிக்கு 82 முறை அதிர்கிறது, அதாவது 82 ஹெர்ட்ஸ். அதைச் சட்ஜமாக வைத்துக்கொண்டால் மேலே உள்ள பஞ்சமம் 123 ஹெர்ட்ஸ். மெட்டல் கிட்டார்காரர்கள் ஓயாமல் பிடிக்கும் 'பவர் கார்ட்' இந்தச் ச-ப ஜோடிதான், நடுவில் காந்தாரம் கிடையாது. இதைத் தெளிவான ஒலியில் மீட்டினால் தம்புராவைப் போலச் சாதுவாக இருக்கும். ஆம்ப்ளிஃபயரை அதன் தாங்குதிறனுக்கு மேல் முடுக்கினால் அலையின் உச்சிகள் வெட்டுப்படுகின்றன. இதுதான் டிஸ்டார்ஷன். வெட்டுப்பட்ட அலைக்குள் இரண்டு சுரங்களும் மோதிக்கொண்டு, கம்பியில் இல்லாத புதிய அதிர்வெண்களை உண்டாக்குகின்றன. அவற்றில் ஒன்று இரண்டுக்குமான வித்தியாசம். 123இல் 82 போனால் 41. மீட்டிய சட்ஜத்துக்குச் சரியாக ஒரு ஸ்தாயி கீழே, யாரும் தொடாத ஒரு மந்திர சட்ஜம் அறைக்குள் வந்துவிடுகிறது. அது பேஸ் கிட்டாரின் தடித்த கம்பி பேசும் சுரமும்கூட. காந்தாரத்தையும் சேர்த்துப் பிடித்தால் வித்தியாசங்கள் பெருகி ஒலி கலங்கிவிடும். மெட்டல் இசை காந்தாரத்தை ஒதுக்கியதற்கு இதுவே பெரிய காரணம். வன்முறை மனோபாவம் அல்ல, கூட்டல் கழித்தல்.

மின்னணு இசை இந்தச் சுற்றுவழியில் போவதில்லை. 1980இல் வந்த ரோலண்ட் டிஆர்-808 டிரம் மெஷினின் பேஸ் டிரம்முக்குத் தோலும் இல்லை, கட்டையும் இல்லை. ஒரு சிறு மின்சுற்றைத் தட்டிவிட்டால், அடித்த மணியைப் போல 50 ஹெர்ட்ஸ் அருகில் அதிர்ந்து அடங்குகிறது. கிட்டார்காரர் ஆம்ப்ளிஃபயரை வதைத்து வரவழைக்கும் அடித்தளத்தை இவர்கள் ஒரு குமிழைத் திருப்பி எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு கூட்டமும் போய் நிற்பது ஒரே மாடியில், ஏறிய படிக்கட்டு மட்டும் வேறு.

(இதையெல்லாம் கைப்பேசியின் ஒலிபெருக்கியில் சோதித்துப் பார்க்க வேண்டாம். அந்தக் குட்டி ஒலிபெருக்கியால் 41 ஹெர்ட்ஸைக் கொடுக்கவே முடியாது. மேலே உள்ள சுரங்களைக் கேட்டு, கீழே இருந்திருக்க வேண்டியதை நம் மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. பாதிப் பேர் கேட்கும் கனம் இப்படி ஊகித்த கனம்தான்.)

பான்டெராவிலிருந்து தொடங்கலாம், நால்வரில் சீட்டுக்கு மிகவும் பொருந்துகிறவர்கள் அவர்கள். டெக்சாஸ்காரர்கள். டிரம் வாசித்த வின்னி பாலும் கிட்டார் வாசித்த டைம்பேக் டாரலும் அண்ணன் தம்பி. அவர்களுடைய தந்தை நாட்டுப்புறச் சாயல் கொண்ட கன்ட்ரி இசைப் பாடல்களை எழுதியவர், ஒலிப்பதிவுக்கூடம் நடத்தியவர். இந்த ஆல்பத்தைப் பதிவு செய்தது நாஷ்வில்லில் இருந்த அவருடைய கூடத்தில்தான். கன்ட்ரி இசையின் தலைநகரில் உட்கார்ந்து இவ்வளவு முரட்டு ஆல்பத்தை முடித்திருக்கிறார்கள் என்பதை நினைத்தால் எனக்கு இன்னும் சிரிப்பு வருகிறது.

பான்டெராவின் ஒலியில் ஒரு முரண் உண்டு. மெட்டல் கிட்டார்காரர்களில் பெரும்பாலோர் வால்வ் ஆம்ப்ளிஃபயரைத்தான் உசத்தி என்பார்கள். வால்வு அலையின் உச்சியை மெதுவாக மழுக்கும். டைம்பேக் பயன்படுத்தியது டிரான்சிஸ்டர் ஆம்ப்ளிஃபயர், அது உச்சியைக் கத்தியால் சீவியதுபோல் வெட்டும். அதனால்தான் அவருடைய கிட்டாரில் ரம்பத்தின் கூர்மை. வின்னியின் பேஸ் டிரம்மிலும் அடிவயிற்றில் இறங்கும் 'தும்' ஒலியைவிடத் தட்டச்சுப் பொறியின் 'டக்' ஒலிதான் முன்னால் நிற்கிறது. இரண்டு கால்களாலும் வேகமாக மிதிக்கும்போது ஒவ்வொரு அடியும் தனித்தனியாகக் கேட்க வேண்டுமென்றால் மேல் அதிர்வெண்களைத் தூக்கித்தான் ஆக வேண்டும். ஆகவே கனத்துக்குப் பேர்போன இந்த ஆல்பத்தின் பலம் உண்மையில் துல்லியம். எடை அதற்குப் பிறகுதான் வருகிறது. முதல் அரை மணி நேரம் மூச்சுவிட இடம் தராது. பின்பாதி அதே கோபத்தைத் திரும்பத் திரும்பச் சொல்லி அலுக்க வைக்கிறது. கடைசியில் மெட்டலின் முன்னோடிக் குழுவான பிளாக் சப்பாத்தின் 1970ஆம் ஆண்டுப் பாடல் ஒன்றை, அமைதியான ஒன்றைத் தேர்ந்தெடுத்து, மென்மையாகப் பாடி முடிக்கிறார்கள். ஆல்பத்தில் எனக்கு மிகக் கனமாகப்பட்ட நான்கு நிமிடம் அதுதான்.

இந்த முரட்டு ஆல்பம் வந்த வாரமே அமெரிக்காவின் பில்போர்டு ஆல்பம் விற்பனைப் பட்டியலில் முதலிடத்தைப் பிடித்தது. அதற்குச் சில வாரங்களுக்கு முன் 'சூப்பர்அன்னோன்' முதலிடத்திலும் 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்' இரண்டாம் இடத்திலும் நுழைந்திருந்தன. சவுண்ட்கார்டன் முதல் வாரத்தில் விற்றது ஏறத்தாழ 3,10,000 பிரதிகள். இது எப்படி நடந்தது என்பதற்கு இசையைவிடக் கணக்குப் புத்தகத்தைப் பார்ப்பது நல்லது. 1991 மே மாதம் வரை பில்போர்டு பட்டியல் தயாரானது கடைக்காரர்களுக்குத் தொலைபேசியில் பேசி, 'இந்த வாரம் எது நன்றாகப் போகிறது?' என்று கேட்டு. கடைக்காரரும் தனக்குப் பிடித்ததையோ, விற்பனைப் பிரதிநிதி வற்புறுத்தியதையோ சொல்வார். அந்த மே மாத இறுதியில் சவுண்ட்ஸ்கேன் என்ற முறை வந்தது. கல்லாவில் பார்கோடு படிக்கப்படும்போதே விற்பனை பதிவானது. உடனே தெரியவந்தது என்னவென்றால், கடைக்காரர்கள் வாய் திறந்து சொல்லாத இசைகள் ஏராளமாக விற்றுக்கொண்டிருந்தன என்பது: மெட்டல், ராப், கன்ட்ரி. புதிய முறை இன்னொன்றையும் காட்டியது. பழைய பட்டியலில் ஆல்பங்கள் மெதுவாக ஏறி மெதுவாக இறங்கும். உண்மையில் ரசிகர்கள் முதல் வாரத்திலேயே பாய்ந்து வாங்குகிறார்கள். குறிப்பாக மெட்டல் ரசிகர்கள். ஆக 1994 மார்ச்சில் அமெரிக்கா திடீரென்று முரடாகிவிடவில்லை, எண்ணும் முறை மாறியிருந்தது.

மாத மதிப்பீடு எழுதுகிறவரையும் இந்த முதல்வாரப் பாய்ச்சல்தான் இழுத்துக்கொண்டு போனது. சத்தம் எங்கே அதிகமோ அங்கே பத்தியும் நீண்டது.

'சூப்பர்அன்னோன்' 15 பாடல்கள், 70 நிமிடம். ஒரு சிடியில் 74 நிமிடம் அடங்கும் என்பதால் அந்த ஆண்டுகளில் எல்லோரும் தட்டை நிரப்பப் பார்த்தார்கள். எல்பி தட்டின் காலமாக இருந்திருந்தால் இந்த ஆல்பத்திலிருந்து நான்கு பாடல்களாவது வெளியே போயிருக்கும், நன்றாகவும் இருந்திருக்கும். ஆனாலும் இருப்பதில் உள்ள வளத்தைத் தமிழ்க் காதுகள் சட்டென்று பிடித்துக்கொள்ளும் என்று நினைக்கிறேன். 'ஸ்பூன்மேன்' பாடலைத் தொடையில் தட்டிப் பாருங்கள், ஏழு எண்ணிக்கை வரும். நம் மிஸ்ர சாபு. 'மை வேவ்' ஐந்தில் நடக்கிறது, கண்டம். 'ஃபெல் ஆன் பிளாக் டேஸ்' ஆறு. நான்கிலேயே பழகிய ராக் இசையில் இது சாதாரணமல்ல. கிட்டார் வாசித்த கிம் தாயிலின் பெற்றோர் கேரளத்திலிருந்து போனவர்கள். உடனே 'ஆகா, ரத்தத்தில் இருக்கிறது தாளம்' என்று கிளம்பிவிட வேண்டாம். எழுதி முடித்த பிறகுதான் எத்தனை எண்ணிக்கை என்றே பார்ப்போம், எல்லாம் தற்செயல் என்று அவரே சொல்லியிருக்கிறார். பாடலின் சொற்கள் எங்கே மூச்சு விடுகின்றனவோ அங்கே ஆவர்த்தனம் முடிகிறது. எண்ணிக்கை வேண்டுமென்றே செய்த வித்தையாகத் தோன்றாமல் இருப்பதற்கு அதுதான் காரணம். 'ஸ்பூன்மேன்' பாடலின் நடுவே கேட்கும் கரண்டித் தாளம் சியாட்டிலின் தெருக்கலைஞர் ஒருவர் நிஜமாகவே கரண்டிகளை உடம்பில் தட்டி வாசித்தது.

அந்த மாதத்தின் மையம் 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்'. லாஸ் ஏஞ்சலிஸில் 1969ஆம் ஆண்டு கொலைகள் நடந்த வீட்டை, நைன் இஞ்ச் நெயில்ஸை நடத்தும் டிரென்ட் ரெஸ்னர் வாடகைக்கு எடுத்து அங்கே பதிவு செய்தார். இதைச் சொல்லாமல் இந்த ஆல்பத்தைப் பற்றி யாரும் எழுதுவதில்லை. நானும் சொல்லிவிட்டேன், போதும். எனக்கு அந்த வீட்டைவிட அதற்குள் இருந்த மேக்கின்டோஷ் கணினி முக்கியம்.

ரெஸ்னர் பல இடங்களில் கிட்டாரை ஆம்ப்ளிஃபயரில் செருகி அறையை அதிரவைக்கவில்லை. டிஜிட்டல் எஃபெக்ட்ஸ் கருவி ஒன்றின் வழியே நேராகப் பதிவுக்கருவிக்குள் அனுப்பினார். அதனால் அந்தக் கிட்டாருக்கு அறை இல்லை, காற்று இல்லை. ஒலிபெருக்கியின் கூம்பு அசையும்போது கிடைக்கும் உடம்பு அதற்கு இல்லை. காதுக்குள் நேரடியாகத் தேனீக் கூட்டத்தை விட்டதுபோல் இருக்கிறது. பிறகு அதைக் கணினியில் நறுக்கி, சுழலவிட்டு, திரும்பச் சேர்க்கிறார். ஆல்பம் தொடங்குவதே '1138' என்ற எண்ணைப் பெயரில் கொண்ட 1971ஆம் ஆண்டு அறிவியல் புனைவுப் படத்திலிருந்து எடுத்த ஒலியோடு: ஒருவனை அடிக்கும் சத்தம். அடிகளின் இடைவெளி குறைந்துகொண்டே வர, அதுவே தாளமாகிப் பாடல் வெடிக்கிறது.

'குளோசர்' என்ற பிரபலமான பாடலைக் கொஞ்சம் நெருங்கிக் கேட்கலாம். அதன் பேஸ் டிரம் அடியை ராக் பாடகர் இக்கி பாப்பின் 1977ஆம் ஆண்டு ஆல்பத்தில் உள்ள ஒரு பாடலிலிருந்து சாம்பிளாக, அதாவது ஒலித்துண்டாக, எடுத்து மாற்றியிருக்கிறார்கள். அந்தப் பழைய பாடலிலும் அந்த அடி ஒரு டிரம் மெஷினுடையதுதான். ஆக, பதினேழு ஆண்டு பழைய இயந்திரத்தின் இதயத்துடிப்பு. முதலில் அது மட்டும் தனியாகத் துடிக்கிறது. பிறகு ஒரு பேஸ், பிறகு குரல், பிறகு ஒவ்வொரு சுற்றிலும் ஒரு புதிய ஒலி வந்து ஏறிக்கொள்கிறது. பெரும்பாலான ராக் பாடல்களில் சரணம், பல்லவி என்று மாறி மாறி வரும்போது ஒலி ஏறி இறங்கும். இங்கே இரண்டாம் பாதியில் எதுவும் இறங்குவதில்லை, வந்தது வந்தபடியே நிற்கிறது. இது நடன இசையின் கட்டுமானம். நெரிசலில் பஸ் ஒவ்வொரு நிறுத்தத்திலும் ஆளை ஏற்றுகிறது, யாரும் இறங்கவில்லை. கடைசியில் எல்லாம் ஒரேயடியாக நின்று, ஒரு பியானோ மட்டும் படிப்படியாக இறங்கும் சிறு மெட்டொன்றை வாசிக்கிறது. அந்த இறங்கு மெட்டுதான் ஆல்பம் முழுவதும் வெவ்வேறு வேடத்தில் தலைகாட்டும் மெட்டு.

'மார்ச் ஆஃப் தி பிக்ஸ்' பாடலில் ஏழு, ஏழு, ஏழு, எட்டு என்று எண்ணிக்கை போகிறது. மொத்தம் 29. மிஸ்ரத்தை மூன்று முறை ஓடவிட்டு நான்காவதில் ஓர் எண்ணிக்கை கூட்டி வைப்பதுபோல். கேட்பவர் ஒவ்வொரு சுற்றிலும் தடுக்கி விழுந்து எழுகிறார். இதற்கு நேர்மாறாக 'பிக்கி' பாடலின் முடிவில் ஒரு டிரம் தறிகெட்டு ஓடுகிறது. அது ரெஸ்னர் தாமே வாசித்தது, மைக்குகள் சரியாக வைக்கப்பட்டிருக்கின்றனவா என்று சோதிப்பதற்காக. பிடித்துப்போய் அப்படியே வைத்துக்கொண்டார். எல்லாமே அளந்து நறுக்கப்பட்ட ஆல்பத்தில் யாரும் அளக்காத ஒரே இடம் அது, அதனாலேயே கேட்பவரைத் திடுக்கிட வைக்கிறது.

இந்த இயந்திரமும் மெட்டலும் சேர்ந்த கலவை ரெஸ்னரின் கண்டுபிடிப்பல்ல. இங்கிலாந்தின் பர்மிங்காமில் நேபாம் டெத் என்ற அதிவேக மெட்டல் குழுவின் 1987ஆம் ஆண்டு முதல் ஆல்பத்தில், முதல் பக்கத்தில் கிட்டார் வாசித்த ஜஸ்டின் பிராட்ரிக், பிறகு கோட்ஃபிளெஷ் குழுவில் மனித டிரம்மரையே விலக்கி மெஷினை வைத்துக்கொண்டார். அதே ஆல்பத்தில் மின்னல் வேகத்தில் டிரம் வாசித்த மிக் ஹாரிஸ், இடைவிடாத அதிவேக டிரம் அடியைக் குறிக்கும் 'பிளாஸ்ட் பீட்' என்ற சொல்லுக்கே காரணமானவர் என்று சொல்லப்படுபவர், ஸ்கார்ன் என்ற பெயரில் ஊர்ந்து செல்லும் இருண்ட மின்னணு இசைக்குப் போய்விட்டார். வேகத்தின் எல்லையைத் தொட்டவர்கள் அங்கிருந்து நிதானத்துக்கு வந்தது கவனிக்க வேண்டிய விஷயம். வேகம் கூடக்கூட ஒவ்வொரு அடியின் எடையும் குறையும் என்பது கையால் வாசித்தவர்களுக்குத் தெரிந்திருக்கிறது.

அந்த வழியில் வந்தால் ஏஃபெக்ஸ் ட்வினின் இரண்டரை மணி நேரம் வேறு மாதிரி கேட்கிறது. 'ஆம்பியன்ட்' என்ற சொல்லைப் பார்த்ததும் பின்னணியில் ஓடவிடும் இதமான இசை என்று எடுத்துக்கொள்வார்கள். ஒருசில இடங்கள் அப்படித்தான். ரசிகர்கள் 'ரூபார்ப்' என்று அழைக்கும் மூன்றாவது பகுதியில் நான்கைந்து நீண்ட சுரக்கூட்டங்கள் மூச்சைப் போல உள்ளே வந்து வெளியே போகின்றன. அவ்வளவுதான், ஆனால் அதைப் பாதியில் நிறுத்த எனக்குக் கை வரவில்லை. மற்ற பல பகுதிகள் இதமே இல்லாதவை. எங்கோ ஒரு மோட்டார் ஓடும் முனகல், சுவருக்கு அப்பால் பேசும் புரியாத குரல், வடிகட்டிய வெறும் இரைச்சல். டிரம் மிகக் குறைவு. பெயரும் இல்லை. ஒரே ஒரு பகுதிக்கு மட்டும் 'புளூ கால்க்ஸ்' என்று பெயர், மற்றவற்றுக்கு அட்டையில் படங்கள்தான் அடையாளம். ரசிகர்கள் அந்தப் படங்களைப் பார்த்து வைத்த பெயர்களே நிலைத்துவிட்டன. எல்பி தட்டுகளில் 25 பகுதிகள், பிரிட்டன் சிடியில் 24, அமெரிக்க சிடியில் 23. ரசிகர்கள் கொண்டாடும் 'ஸ்டோன் இன் ஃபோகஸ்' சிடி வாங்கியவர்களுக்குக் கிடைக்கவே இல்லை. கனவில் கேட்டதை விழித்ததும் பதிவு செய்ததாக ஜேம்ஸ் சொன்னார். பேட்டி எடுப்பவர்களோடு விளையாடுவதற்குப் பேர்போன மனிதர் என்பதால் அதை எவ்வளவு நம்புவது என்பது அவரவர் விருப்பம்.

அந்த வசந்தத்தில் பிரிட்டன் நாடாளுமன்றத்தில் ஒரு குற்றவியல் மசோதா விவாதத்தில் இருந்தது. இரவெல்லாம் திறந்தவெளியில் கூடி நடனமாடும் ரேவ் கூட்டங்களைத் தடுக்க அதில் பிரிவுகள் இருந்தன. எந்த இசை தடைக்குரியது என்பதை 'திரும்பத் திரும்ப வரும் தாள அடிகளின் தொடர்ச்சி' என்ற பொருளில் சட்ட மொழியில் வரையறுத்தார்கள். நவம்பரில் அது சட்டமானது. அரசு தாள அடிகளைச் சட்டப்புத்தகத்தில் ஏற்றிக்கொண்டிருந்தபோது, அந்த இசை உலகத்தின் இளம் நட்சத்திரம் அடிகளே அநேகமாக இல்லாத தொகுப்பொன்றைக் கொடுத்திருக்கிறார். அது மசோதாவுக்குச் சொன்ன பதிலல்ல, காலம் பொருந்தியது, அவ்வளவே. ஆனாலும் அந்தத் தொகுப்பு பிரிட்டன் பட்டியலில் 11ஆம் இடம் வரை போனது. தலைப்பும் டிரம்மும் அநேகமாக இல்லாத இரண்டரை மணி நேர இசைக்கு அது சின்ன விஷயமல்ல.

கனம் என்ற கேள்விக்கு வருகிறேன். பான்டெராவைக் கேட்கும்போது உடம்பு தயாராகிவிடுகிறது. அடுத்த அடி எங்கே விழும் என்று கழுத்துக்குத் தெரியும். எதிர்பார்த்து வாங்கும் அடி வலிப்பதில்லை. ஏஃபெக்ஸ் ட்வினின் அந்த முனகல்களில் எதிர்பார்க்க எதுவும் இல்லை. பிடிமானத்துக்குத் தாளம் இல்லை, ஆரம்பமும் முடிவும் தெளிவாக இல்லை. பத்து நிமிடம் கழித்துத்தான் அறையின் காற்று மாறியிருப்பது தெரிகிறது. இரவு பதினொரு மணிக்கு விளக்கை அணைத்துவிட்டு இரண்டாவது தட்டைக் கேட்டேன். நடுவில் எழுந்து விளக்கைப் போட்டேன் என்பதை ஒப்புக்கொள்கிறேன்.

இதை ஒரு மாதக் கெடுவுக்குள் யாரும் எழுதியிருக்க முடியாது. அந்த மாதம் முடிந்த சில நாட்களில், ஏப்ரல் 5 அன்று, சியாட்டில் ராக் இசையின் முகமாக இருந்த நிர்வாணா குழுப் பாடகர் கர்ட் கோபேன் இறந்தார். அதற்குப் பிறகு சியாட்டிலிலிருந்து வந்த எந்த ஆல்பத்தையும், சவுண்ட்கார்டனையும் சேர்த்து, யாரும் பழைய காதோடு கேட்கவில்லை. 'தி டவுன்வர்ட் ஸ்பைரல்' ஆல்பத்தின் கடைசிப் பாடலான 'ஹர்ட்' பாடலைப் பலர் கண்டுகொண்டதே 2002இல் கன்ட்ரி பாடகர் ஜானி கேஷ் பாடிய பிறகுதான். ஏஃபெக்ஸ் ட்வினின் தொகுப்புக்கு முப்பது ஆண்டு கழித்து, 2024இல், விரிவாக்கப் பதிப்பு வந்தது.

இரண்டு அலமாரிகளும் அதற்கு வெகு முன்பே கைகுலுக்கிவிட்டன. 1995இல் நைன் இஞ்ச் நெயில்ஸ் தங்கள் ஆல்பத்தைப் பிறரிடம் கொடுத்து மாற்றியமைத்து ஒரு தொகுப்பு வெளியிட்டது. அதில் 'அட் த ஹார்ட் ஆஃப் இட் ஆல்' என்ற துண்டை ஏஃபெக்ஸ் ட்வின் செய்து கொடுத்தார். மூல ஆல்பத்தின் சாயலே அதில் தெரியாது. கிட்டார் இல்லை, பாட்டு இல்லை, மெதுவாக விழும் உலோக அடிகள் மட்டும் ஒரு பெரிய கூடத்தில் எதிரொலிக்கின்றன. என் வரிசையில் அதைக் கடைசியாக, பான்டெராவை முடித்த கையோடு போட்டேன். அதன் பிறகு பான்டெராவைத் திரும்பப் போட்டபோது இலேசாகக் கேட்டது.